பொட்ரேரோ ஹில்லில் மறுபடி அடுப்பு எரியுமா?

ஆங்கர் ப்ரூயிங் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கேள்விதான். "திறந்துட்டாங்களா?" என்பது ஒன்று. "திறந்தா மட்டும் அந்தப் பழைய ருசி வந்துடுமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். சான் பிரான்சிஸ்கோவின் அந்தப் பழைய பீர் ஆலையை 2023 ஜூலையில் மூடுவதாகச் சொன்னார்கள், 2024 மே மாதக் கடைசியில் ஒருவர் வாங்கினார், வாங்கி ஒரு வருஷம் தாண்டியும் பொட்ரேரோ ஹில் பகுதியின் மரிபோசா தெருவில் கதவு திறக்கவில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. ஒரு பீருக்கு இத்தனை ஒப்பாரியா என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கர் திரும்ப வரும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. 'நல்லதுக்கு எப்படியும் ஒரு வழி பிறக்கும்' என்கிற ரகம் இல்லை இது. இந்த ஆலையின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அது மூடப்பட்டதில் பெரிய அதிர்ச்சி இருக்காது. அது ஏற்கெனவே பல தடவை செத்துப் பிழைத்தது. ஒவ்வொரு தடவையும் அதைப் பிழைக்க வைத்தது என்ன என்று பார்த்தால், இந்தத் தடவை எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கதை 1871-இல் தொடங்குகிறது. ஜெர்மனியிலிருந்து வந்த காட்லீப் ப்ரெக்கிள் என்பவர் பசிபிக் தெருவில் பில்லியர்ட்ஸ் மேசை போட்ட ஒரு பழைய மதுக்கடையை 3,500 டாலருக்கு வாங்கி பீர் காய்ச்ச ஆரம்பித்தார். 1896-இல் அதை எர்ன்ஸ்ட் பாருத் என்ற இன்னொரு ஜெர்மானியரும் அவருடைய மருமகன் ஓட்டோ ஷிங்கெலும் வாங்கி ஆங்கர் என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் நடந்ததெல்லாம் பட்ட காலிலே படும் கதைதான். 1906 பிப்ரவரியில் பாருத் இறந்துபோகிறார். ஏப்ரல் 18-ஆம் தேதி பூகம்பம், அதைத் தொடர்ந்து ஊரையே தின்ற தீ, ஆலை சாம்பல். வேறு இடத்தில் மறுபடி கட்டி எழுப்புகிறார்கள், 1907-இல் ஷிங்கெல் டிராமில் அடிபட்டுச் சாகிறார். அப்புறம் 1920-இல் நாடு முழுவதும் மதுவிலக்கு, பதிமூன்று வருஷம். 1933-இல் ஜோ க்ராஸ் என்பவர் திரும்பத் திறந்தால் 1934-லேயே மறுபடி தீ. இன்னொரு இடம், ஜோ ஆலன் என்ற பங்காளி, இன்னும் கொஞ்ச காலம். பெரிய கம்பெனிகளின் லேசான லாகர் பீருக்கு அமெரிக்கா முழுவதும் பழகிவிட்ட 1959-இல் ஆலன் கடையைக் கட்டினார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். அடுத்த வருஷமே லாரன்ஸ் ஸ்டீஸ் என்பவர் வாங்கி எட்டாவது தெருவில் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார்.

பூகம்பம், தீ, டிராம், மதுவிலக்கு, மறுபடி தீ என்று ஒரு ஜென்மத்துக்கு வேண்டியதைப் பார்த்த ஆலை, கடைசியில் விற்பனைக் கணக்கில் விழுந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

சரி, அந்த பீரில் அப்படி என்னதான் இருந்தது?

லாகர் வகை ஈஸ்டுக்குக் குளிர் வேண்டும். பத்து டிகிரி செல்சியஸ் அக்கம்பக்கத்தில் வைத்து நிதானமாகப் புளிக்க விட்டால்தான் அது சுத்தமான ருசி தரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கம் தேடி ஓடிவந்த கூட்டத்தோடு கலிபோர்னியாவுக்கு வந்த ஜெர்மானியர்களிடம் லாகர் ஈஸ்ட் இருந்தது, ஐஸ் இல்லை. இயந்திரக் குளிர்சாதனம் அப்போது கைக்கு எட்டவில்லை. இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். காய்ச்சிய சாற்றை ஆழமான தொட்டியில் ஊற்றாமல், அகலமான, ஆழமே இல்லாத திறந்த தொட்டிகளில் பரப்பினார்கள், சீக்கிரம் ஆறட்டும் என்று. சான் பிரான்சிஸ்கோவின் பனிமூட்டக் காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. பதினாறு, பதினேழு டிகிரி வாக்கில் லாகர் ஈஸ்ட் புளித்தால் லாகரும் அல்லாத, வெதுவெதுப்பில் புளிக்கும் ஏல் வகையும் அல்லாத ஒன்று வருகிறது. லாகர்போலத் தெளிவாக இருக்கும், ஏல்போல லேசான பழவாசனை எட்டிப் பார்க்கும். ஸ்டீம் பீர் என்று அதற்குப் பெயர் வந்தது. ஏழை பாழைகள் குடிக்கிற மலிவு பீர் என்றுதான் அந்தக் காலத்தில் அதற்கு மரியாதை. ஐஸ் வந்ததும் மற்ற ஆலைகள் எல்லாம் அதைக் கைவிட்டன. ஆங்கர் மட்டும் விடவில்லை. 1981-இல் அந்தப் பெயரையே வணிகமுத்திரையாகப் பதிவு செய்துகொண்டது, அதனால் மற்றவர்கள் இந்த வகையைக் கலிபோர்னியா காமன் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

ஆலையைச் சுற்றிக்காட்டும் டூர் போனவர்கள் யாரும் அந்தத் தொட்டி அறையை மறந்திருக்க மாட்டார்கள். முதலில் மூன்று செப்புக் கொப்பரைகள். ஜெர்மனியில் செய்தவை, 1950-களைச் சேர்ந்தவை, அங்கே ஒரு பழைய ஆலையிலிருந்து வாங்கி வந்தது. மேலே கூம்பிக் குழாயாகப் போகும் அந்தச் செம்பை யாரோ விடாமல் துடைத்துக்கொண்டே இருப்பார்கள் போல, நம் முகம் தெரியும். தெருவிலிருந்தே பெரிய ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். காய்ச்சுகிற நாளில் வெந்த தானியத்தின் இனிப்பு வாசனை பொட்ரேரோ ஹில் சரிவு முழுக்க இருக்கும். உள்ளே போனால் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் அந்தத் தொட்டிகள், இரண்டடி ஆழம்கூட இருக்காது, அறை நீளத்துக்கும் விரிந்து கிடக்கும். மேலே மூடி கிடையாது. வடிகட்டிய காற்றை அறைக்குள் அனுப்பிக் குளிர்விப்பார்கள். புளித்து எழும் நுரை மேடும் பள்ளமுமாக, ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு ஏறி, மெதுவாக நகரும். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கையில் நான் அதை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன். பீரைப் பற்றி அதுவரைக்கும் எனக்கிருந்த அபிப்பிராயம், ராட்சத எஃகு உருளைக்குள் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்பது. இங்கே என்னவோ பாத்திரத்தைத் திறந்து போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

மூன்று நாள் போல அங்கே புளித்த பிறகு கீழே நிலவறைக்குப் போகும். வாயுவைச் சிலிண்டரிலிருந்து ஏற்ற மாட்டார்கள். புதிதாகப் புளித்துக்கொண்டிருக்கும் இளம் பீரில் கொஞ்சம் எடுத்து, முற்றிய பீரில் ஊற்றி மூடி வைப்பார்கள், அது உள்ளேயே மறுபடி புளித்துத் தன் நுரையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பாலுக்கு உறை ஊற்றி வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவே வேண்டாம். கிளாஸில் ஊற்றினால் செம்மண் நிறம், நுரை அப்படியே ஏறி நிற்கும். முதல் வாயில் லேசாகக் கருகிய சர்க்கரை, பின்னாலேயே நார்தர்ன் ப்ரூவர் ரக ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) மரப்பட்டைக் கசப்பு. 4.9 சதவீதம்தான் ஆல்கஹால். ஆர்ப்பாட்டமே கிடையாது. ஹாப்ஸைக் கொட்டி நாக்கைச் சுடும் பீர்கள் மெனுவை நிறைத்திருந்த காலத்திலும் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ள இதுதான் சரியாக இருந்தது. இது என் நாக்கின் தீர்ப்பு, சண்டைக்கு வராதீர்கள்.

இந்த ஆலையைப் பற்றி யார் எழுதினாலும் ஃப்ரிட்ஸ் மேடேக் வந்துதான் ஆக வேண்டும். வாஷிங் மெஷின் செய்யும் மேடேக் குடும்பத்துப் பிள்ளை, ஸ்டான்ஃபோர்டில் படித்தவர். அவருடைய அப்பா அயோவாவில் நீலப் பாலாடைக்கட்டி செய்யும் பண்ணை வைத்திருந்தார், அதனால் புளிப்பும் பூஞ்சையும் பரம்பரை விஷயம் என்றுகூடச் சொல்லலாம். 1965-இல் நார்த் பீச்சில் ஓல்ட் ஸ்பகெட்டி ஃபேக்டரி என்ற உணவகத்தில் வழக்கமாக ஆங்கர் ஸ்டீம் குடிக்கும் இளைஞர். "அந்த ஆலையைப் போய்ப் பார்த்துடு, சீக்கிரம் மூடப்போறாங்க" என்ற மாதிரி உணவகக்காரர் சொல்ல, போய்ப் பார்த்தார், பெரும்பங்கை வாங்கிவிட்டார். அடிமாட்டு விலை, சில ஆயிரம் டாலர்தான்.

நம்மில் பலருக்கு இந்த இடத்தோடு கதை முடிந்துவிடுகிறது: பணக்காரப் பையன் வந்தான், காப்பாற்றினான், சுபம். ஆனால் வாங்கியது பெரிய காரியமே இல்லை. அன்றைக்கு ஆங்கர் பீர் கெட்டுப் புளித்துப்போகும் பீர் என்று ஊரில் பெயர் வாங்கியிருந்தது. சாதனங்கள் ஓட்டை உடைசல், சுத்தம் சுமார், கையில் பணமில்லை. மேடேக் மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு நுண்ணுயிரியல் படித்தார், குழாய்களைக் கழுவினார், மாற்றினார், கெட்டுப்போன சரக்கைக் கொட்டினார். முழு ஆலையும் அவர் கைக்கு வரவே சில வருஷம் ஆனது. பாட்டிலில் அடைத்து விற்றது 1971-இல்தான், அதுவரை பீப்பாய் மட்டும். லாபம் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்கக் கிட்டத்தட்ட பத்து வருஷம் பிடித்தது. பத்து வருஷம்! இன்றைக்கு ஒரு கம்பெனியை வாங்கி மூன்று காலாண்டு நஷ்டம் வந்தாலே ஆலோசகர்களைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பத்து வருஷத்துக்கு அப்புறம் வந்த அறுவடையும் சாதாரணமில்லை. 1970-களின் முதல் பாதியில் போர்ட்டர் என்ற கறுப்பு பீர் செய்தார்கள், அமெரிக்காவில் அந்த வகையே வழக்கொழிந்துகொண்டிருந்த நேரத்தில். 1975 ஏப்ரல் 18 அன்று லிபர்ட்டி ஏல் முதல் தடவை காய்ச்சினார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படை வருகிறது என்று பால் ரெவியர் குதிரைமேல் ஏறிப் போய்ச் சேதி சொன்ன இரவின் இருநூறாவது வருஷ நினைவுக்கு. (ஆலையை எரித்த பூகம்பத்தின் தேதியும் அதே ஏப்ரல் 18 என்பதை யாராவது கவனித்துச் செய்தார்களோ, தற்செயலோ.) அமெரிக்காவில் விளையும் கேஸ்கேட் ஹாப்ஸ், அதிலும் ஆறிய பிறகு பச்சையாகப் போட்டு வாசனை ஏற்றும் முறை, இன்றைக்கு உலகம் முழுக்க ஓடும், ஹாப்ஸ் தூக்கலான அமெரிக்க ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) வகைக்கு அதைத்தான் பாட்டன் என்கிறார்கள். அதே 1975-இல் கிறிஸ்துமஸ் ஏல். ஒவ்வொரு வருஷமும் செய்முறை மாறும், அது ரகசியம், லேபிளில் மரமும் மாறும். ஜிம் ஸ்டிட் என்ற ஓவியர் கையால் வரைந்த மரங்கள். நவம்பரில் அந்தப் பெரிய மேக்னம் பாட்டில்கள் கடைக்கு வந்தால்தான் பண்டிகைக் காலம் ஆரம்பித்தது என்று அர்த்தம். சிலர் வருஷத்துக்கு இரண்டு வாங்கி ஒன்றைப் பரணில் வைத்து, அடுத்த வருஷப் பாட்டிலோடு பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்ப்பார்கள். 1979-இல் பொட்ரேரோ ஹில்லில் ஒரு பழைய காப்பி வறுக்கும் ஆலைக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள், அதுதான் இப்போது பூட்டியிருக்கும் கட்டடம். 1989-இல் சுமேரியர்கள் தங்கள் பீர் தெய்வம் நிங்காசிமேல் பாடிய பழைய பாடலை வைத்துக்கொண்டு அந்தக் கால பீரைச் செய்து பார்த்தார்கள். விற்பதற்காகச் செய்த காரியமா இது? ஆசைக்குச் செய்தது.

மேடேக்கிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. போட்டிக்கு வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தார். 1976-இல் சோனோமாவில் நியூ ஆல்பியன் தொடங்கிய ஜாக் மெக்காலிஃப், அப்புறம் சியரா நெவாடா தொடங்கிய கென் கிராஸ்மேன் எல்லோரும் ஆங்கரைப் பார்த்துக் கற்றவர்கள்தான். ஒரு கட்டத்தில் பங்குச் சந்தைக்குப் போகும் யோசனை வந்தபோது, ஆலை பெரிதாக வேண்டிய அவசியம் என்ன என்று அதைக் கைவிட்டார். 1970-களின் கடைசியில் அமெரிக்கா முழுவதும் நூறு பீர் ஆலைகூட இல்லை. 2023-இல் ஒன்பதாயிரத்துக்கும் மேல். ஆங்கர் விதைத்தது என்று சொன்னால் மிகையில்லை, ஆனால் விதைத்தவன் வீட்டிலேயே கடைசியில் இடமில்லாமல் போனது.

2010-இல் மேடேக் விற்றுவிட்டு ஓய்வு பெற்றார். வாங்கியவர்கள் பெரிதாக்க நினைத்தார்கள். 2013-இல் பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்தில் பியர் 48 துறைமுகக் கொட்டகையில் புதிய ஆலை என்று அறிவிப்பு வந்தது, நடக்கவில்லை. 2017-இல் ஜப்பானின் சப்போரோ நிறுவனம் கிட்டத்தட்ட 85 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2019-இல் தொழிலாளர்கள் வாக்கெடுத்துத் துறைமுகத் தொழிலாளர் சங்கமான ஐ.எல்.டபிள்யூ.யூ.வில் சேர்ந்தார்கள், அந்த ஊர் வாடகைக்கு அந்தச் சம்பளம் எப்படிக் கட்டுப்படியாகும், அதுதான் விஷயம். அப்புறம் கொரோனா. உணவகங்களையும் பார்களையும் நம்பி இருந்த ஆலைக்கு அது எப்படிப்பட்ட அடி என்று சொல்லத் தேவையில்லை.

2021 ஜனவரியில் லேபிளை மாற்றினார்கள். கையால் வரைந்த நங்கூரம், சுற்றிலும் ஹாப்ஸ், பார்லி எல்லாம் போய், பளீரென்ற மஞ்சளும் நீலமுமாக, தூரத்திலிருந்து கண்ணில் படும் தட்டையான வடிவம். கடை அலமாரியில் நூறு கேன்களுக்கு நடுவே தெரிய வேண்டும் என்பது நியாயமான கவலைதான். ஆனால் ஆங்கரை வாங்குகிறவன் அதை அலமாரியில் தேடிப்பிடித்து வாங்குகிறவன். அவனுக்கு அடையாளம் தெரியாமல் போனது, புதிதாக வருகிறவனுக்கோ அது இன்னொரு கேன். ஒரு லேபிளால் ஆலை மூடாது, அது எனக்கும் தெரியும். ஹார்ட் செல்ட்சர் என்ற ஆல்கஹால் கலந்த சோடா வந்தது, இளைஞர்கள் குடிப்பதே குறைந்தது, ஊரின் செலவு ஏறியது. இருந்தாலும், இருக்கிற பிரியமானவர்களை முதலில் நோகடிப்பது எந்த வியாபாரத்துக்கும் ஆகாது.

2023 ஜூனில் கலிபோர்னியாவுக்கு வெளியே இனி விற்கப்போவதில்லை என்றும், கிறிஸ்துமஸ் ஏலை நிறுத்துவதாகவும் செய்தி வந்தது. பலர் அப்போதே ஆலை மூடப்போகிறது என்று புரிந்துகொண்டார்கள். ஜூலை 12 அன்று மூடல் அறிவிப்பு. ஒரு வருஷமாக வாங்க ஆள் தேடியும் கிடைக்கவில்லை என்றார்கள். தொழிலாளர்களுக்கு அறுபது நாள் அவகாசம். ஆலைக்கு எதிரே இருந்த பப்ளிக் டேப்ஸ் கடையில் அன்றிலிருந்து வரிசை நின்றது பாருங்கள், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் மாதம் ஒரு ஆறு பாட்டில் வாங்கியிருந்தால் என்று எனக்கு ஒரு கோபம் வந்தது, அப்புறம் சரி போகட்டும் என்று விட்டேன். விற்பனை குறைந்ததற்கு வரிசையில் நின்றவன் மட்டும் காரணமில்லையே.

அந்த நாட்களில் எனக்குப் பெரிதாகப் பட்டது தொழிலாளர்கள் எடுத்த முயற்சி. ஆலையைத் தாங்களே சேர்ந்து கூட்டுறவாக வாங்கி நடத்துகிறோம் என்று கேட்டார்கள். நடக்கவில்லை. ஆனால் அந்தத் தொட்டியை எப்போது தொட வேண்டும், எப்போது தொடக் கூடாது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஈஸ்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கே சான் பிரான்சிஸ்கோ லாகர் ஈஸ்ட் என்று பாக்கெட் போட்டு விற்கிறார்கள், ஹாப்ஸும் மால்ட் என்ற முளைகட்டிய தானியமும் காசு கொடுத்தால் வரும். திறந்த தொட்டியில் காய்ச்சிய அனுபவம் அப்படி வராது. மூடிய உருளையில் இருபது வருஷம் வேலை பார்த்தவருக்குக்கூட இது புதுப் பாடம். காற்று படும், வெப்பம் கொஞ்சம் ஏறினால் ருசி மாறும், சுத்தத்தில் ஒரு நாள் அசந்தால் மொத்தச் சரக்கும் போச்சு. மேடேக் பத்து வருஷம் கற்றதும் இதைத்தான்.

அப்புறம்தான் ஹம்தி உலுகாயா வந்தார். சொபானி தயிரை உண்டாக்கியவர், துருக்கியில் பிறந்த குர்து, 1990-களில் அமெரிக்காவுக்கு வந்தவர். பெயர், செய்முறைகள், கட்டடம், கொப்பரைகள் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்கினார் என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. பெயரை ஒருவர் வாங்கி எங்கேயோ ஒரு ஆலையில் கேனில் அடைத்திருப்பார், கட்டடம் அடுக்குமாடி ஆகியிருக்கும், செப்புக் கொப்பரை ஏதாவது ஹோட்டல் வரவேற்பறையில் அலங்காரமாக நின்றிருக்கும்.

தயிர்க்காரருக்கு பீர் என்ன தெரியும் என்று சிலர் கேட்டார்கள். அவருடைய முதல் ஆலையின் கதையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 2005-இல் நியூயார்க் மாநிலத்தில் சவுத் எட்மெஸ்டன் என்ற சின்ன ஊரில் கிராஃப்ட் என்ற பெரிய உணவு கம்பெனி மூடிவிட்டுப் போன தயிர் ஆலையைக் கடன் வாங்கி வாங்கினார். அங்கே வேலை பார்த்தவர்களில் சிலரையே திரும்பச் சேர்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் முதல் வேலையாகச் சுவருக்கு வெள்ளையடித்தோம் என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். முதல் சொபானி கிண்ணம் கடைக்கு வந்தது 2007-இல். ருசியைச் சரிபண்ண அவ்வளவு நாள். அதனால் இப்போது "வாங்கி இத்தனை மாசமாச்சே, என்னதான் பண்றாங்க" என்று அலுத்துக்கொள்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. நிறுத்திப்போட்ட குழாய்களையும் பம்புகளையும் பிரித்துப் பார்க்காமல் அவசரமாகக் காய்ச்சி, 1965-க்கு முந்தைய புளிப்பு பீரை ஊற்றிக்கொடுத்தால் அப்புறம் எந்த மேடேக் வந்தும் பயனில்லை.

என் சந்தேகம் வேறு இடத்தில். சொபானி வளர்ந்த வேகம் அசுர வேகம். தயிருக்கு அது சரிப்பட்டது. ஆங்கர் ஒவ்வொரு தடவையும் வளர முயன்றபோதுதான் தடுமாறியது. சின்னதாக, ஊருக்குள், காசுக்கு அலையாமல் இருந்த முப்பது சொச்ச வருஷம்தான் அதன் பொற்காலம். இன்றைய சந்தையில் நாடு முழுக்க அலமாரி பிடிக்கும் சண்டையில் ஸ்டீம் பீர் ஜெயிக்காது. சான் பிரான்சிஸ்கோவிலும் சுற்றுவட்டாரத்திலும் நன்றாக விற்று, ஆலைக்கு வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டிக் கையில் ஒரு கிளாஸ் கொடுத்தால், அதுவே போதுமான வியாபாரமாக இருக்க வாய்ப்பிருக்கிறது. அது ஒரு கோடீஸ்வரருக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

நான் கவனித்துக்கொண்டிருப்பது மூன்று நான்கு விஷயம். பழைய ஆட்களில் எத்தனை பேரைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், சங்கத்தோடு சேர்த்துத்தானா என்பது. ஸ்டீமை அந்தத் திறந்த தொட்டிகளிலேயே புளிக்க வைக்கிறார்களா, அல்லது அதைக் காட்சிக்கு வைத்துவிட்டுப் பின்பக்கம் உருளைக்குப் போகிறார்களா என்பது. லேபிள், சொல்லவே வேண்டாம். நிறைய வகை வேண்டாம், ஸ்டீம், லிபர்ட்டி, போர்ட்டர், நவம்பரில் கிறிஸ்துமஸ் ஏல், இவ்வளவு போதும். மாம்பழ பீரெல்லாம் வேறு யாராவது செய்துகொள்ளட்டும்.

அதுவரைக்கும் கலிபோர்னியா காமன் என்று எழுதி யார் விற்றாலும் ஒன்று வாங்கிப் பார்க்கிறேன். சிலது நன்றாகவே இருக்கிறது, ஒன்றிரண்டு ரொம்பப் பக்கத்தில் வருகிறது, கசப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக இருந்திருக்கலாம். எங்கேயாவது நல்லதாகக் கிடைத்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். கேனா, பீப்பாயா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதில் வித்தியாசம் இருக்கிறது.